பீங்கான் குமிழ் உடைந்த கதவு

வெள்ளைக்காரன் திருகோணமலையை விட்டுப் போகும்போது கப்பல்களைக் கொண்டுபோனான், கதவுகளை விட்டுவிட்டுப் போனான். துறைமுகத்துப் பக்கம் துரைமார் இருந்த பங்களா ஒன்றை இடித்துச் சாமான்களை ஏலம் போட்டார்கள். மற்றவர்கள் கட்டிலுக்கும் அலுமாரிக்கும் கதிரைக்கும் முண்டியடித்த இடத்தில் என் வாப்பா ஒரு கதவின் முன்னால் போய் நின்றார். வாப்பா துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கும் ஆட்களுக்குக் கங்காணி. நாலு பேர் தூக்க வேண்டிய பாரம் எதைக் கண்டாலும் அவருக்கு அதன்மேல் ஒரு பாசம் வந்துவிடும். உம்மாவைக் கலியாணம் முடித்ததும் அப்படித்தான் என்று நான் சொன்னால் உம்மா அகப்பையைத் தூக்குவார்.

அந்தக் கதவு மாட்டுவண்டிலில் தன்னந்தனியாக, மல்லாந்து படுத்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தது. தேக்கு மரம். உள்பக்கம் திருகுவதற்கு வெள்ளைப் பீங்கானில் ஒரு குமிழ். தாரா முட்டை அளவு இருக்கும். அதைச் சுற்றி ஒரு நீலக் கோடு, கோட்டின்மேல் சின்னச் சின்னப் பூ. வெளிப்பக்கம் பிடித்து இழுக்க ஒரு பித்தளைப் பிடியும் சாவி என்று சொல்லும் திறப்பைப் போட ஓர் ஓட்டையும் மட்டும். சாத்தினால் கதவு தன்பாட்டில் பூட்டிக்கொள்ளும். உள்ளே இருப்பவர் குமிழைத் திருகினால் திறக்கும். வெளியே நிற்பவருக்குத் திறப்பு வேண்டும். துரைமார் மறதிக்காரர்கள், கதவைப் பூட்ட மறந்துவிடுவார்கள், அதனால் கதவே பூட்டிக்கொள்கிறது என்று வாப்பா எல்லாருக்கும் விளக்கம் சொன்னார். எங்கள் தெருவிலோ பகலில் ஒரு கதவு சாத்தியிருந்தால் வீட்டில் என்ன சண்டை என்று நாலு பேர் வந்து கேட்பார்கள்.

அதே பங்களாவின் கம்பி யன்னல் ஒன்றையும் வாங்கி, இரண்டையும் ஓர் அறைக்குப் போட்டார் வாப்பா. அந்த அறை எனக்கு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவர வேண்டும். என்னைப் பார்க்க மூதூரில் இருந்து ஆட்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரிய மாமா கதவைச் சாத்தித் திறந்து, சாத்தித் திறந்து, தேத்தண்ணீர் ஆறும் வரைக்கும் அதோடேயே நின்றார். என் முகத்தை அவ்வளவு நேரம் யாரும் பார்க்கவில்லை. என் முகத்தில் குமிழ் இல்லையே, என்ன செய்வது. எப்படியோ சரி வந்தது. பெண்ணும் வீடும் அறையும் கதவும் என்று பேச்சு முடிந்தது.

என் புருஷன் நெல் வியாபாரி. ஈச்சிலம்பற்றுப் பக்கத்து வயல்காரர்கள் மூதூருக்கு வண்டிலில் கொண்டுவரும் நெல்லை வாங்கி, லோஞ்ச் என்கிற மோட்டார் படகில் ஏற்றி வந்து திருகோணமலையில் விற்பார். நெட்டையான மனிதர், கூச்சக்காரர். அவர் பிறந்து வளர்ந்த வீட்டில் அறைக்குக் கதவே இல்லை, ஒரு சீலைதான் தொங்கியது. சீலையை ஒதுக்கிப் பழகிய கைக்குக் குமிழைத் திருகுவது பிடிபடவில்லை. கலியாணம் முடிந்து சில நாள்தான். ஒரு விடியற்காலை அவர் குமிழை எந்தப் பக்கம் திருகுவது என்று மறந்து, இரண்டு பக்கமும் திருகி, பிறகு வாசலில் நின்ற எருமையை இழுப்பது மாதிரி இழுத்தார். குமிழ் கையோடு வந்தது. உள்ளே போகிற இரும்புக் கம்பி பூட்டுக்குள்ளேயே முறிந்துவிட்டது. கையில் இருந்த குமிழ் சீமெந்துத் தரையில் விழுந்து மூன்று துண்டாகியது.

அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசலில் சுபஹுக்குப் பாங்கு சொன்னார்கள்.

புதுமாப்பிள்ளை சுபஹுத் தொழுகைக்கு முன்னால் ஏன் கிணற்றடிக்கு ஓடுகிறான் என்று கலியாணம் முடித்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முடிக்காதவர்கள் கொஞ்சக் காலம் பொறுங்கள். குளிக்காமல் தொழ ஏலாது. வெளியே போகாமல் குளிக்க ஏலாது. திறப்பு இல்லாமல் வெளியே போக ஏலாது. திறப்பு உம்மாவிடம்.

இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. அந்தக் காலத்தில் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் நின்று கதைப்பதில்லை. அவர் படலையைத் திறக்கிற சத்தம் கேட்டாலே உம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவார். அவரிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்பார். நான் அவரிடம் கேட்பேன். அவர் பக்கத்தில் நின்று முதலிலேயே கேட்டிருப்பார், ஆனாலும் நான் சொல்லும் வரைக்கும் காது கேளாதவர் மாதிரி நிற்பார். இப்படிப்பட்ட மாமிதான் எழும்பி வந்து மருமகனைக் குளிக்கத் திறந்துவிட வேண்டும்.

நான் கதவில் தட்டி உம்மாவைக் கூப்பிட்டேன். திறப்பு ஓட்டைக்குள் போகிற சத்தம், ஒரு திருகு, உடனே உம்மா குசினிப் பக்கம் ஓடுகிற சத்தம். கதவைத் திறந்தால் ஒருவரும் இல்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு, வாளியை எடுத்துக்கொண்டு, கூடத்தில் படுத்திருந்த வாப்பாவையும் என் இரண்டு தங்கச்சிமாரையும் தாண்டிக் கிணற்றடிக்குப் போனார். மூன்று பேரும் நல்ல நித்திரை மாதிரிக் கிடந்தார்கள். நித்திரை கொள்கிறவர்கள் அவ்வளவு அழகாக மூச்சு விடுவதில்லை.

அன்று தொடங்கியது. தட்டினாலும் வீட்டுக்குத் தெரியும், தட்டாவிட்டாலும் வீட்டுக்குத் தெரியும். அதனால் அவர் ஒரு யோசனை பண்ணினார். தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லா விடியற்காலையும் தட்டச் சொல்லிப் போய்க் குளித்தார். அது வாடைக் காற்றுக் காலம். அவருக்குத் தடிமன் பிடித்தது. தும்மிக்கொண்டே குளித்தார். பக்கத்து வீட்டுக்காரி என்னைக் கண்டு, மாப்பிள்ளை நல்ல தொழுகையாளி போல என்றாள். ஓம், தண்ணீரில் விருப்பம் என்றேன்.

பூட்டைக் கழற்றி எறிந்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். வாப்பா என்னை, பிள்ளையை வெட்டச் சொன்ன மாதிரிப் பார்த்தார். துரையின் கதவில் உளி படக் கூடாது, அதே மாதிரிக் குமிழ் ஒன்று வாங்கிப் போட்டால் முடிந்தது என்றார். உம்மா வேறு, கலியாணம் நடந்த அறையில் நாற்பது நாளைக்குள் ஆயுதம் வைக்கக் கூடாது என்றார். அது மார்க்கத்திலும் இல்லை, ஊர் வழக்கத்திலும் இல்லை, உம்மாவின் தலைக்குள் மட்டும் இருந்தது. சாத்தாமல் விடலாம் என்றால் கதவு சரிந்து நின்றது, கடல் காற்றுக்குத் தன்பாட்டில் போய்ச் சாத்திக்கொள்ளும். அதோடு, கூடத்தில் எட்டுக் காது படுத்திருக்கும்போது எந்தப் புதுப்பெண் கதவைத் திறந்துவைப்பாள்.

பகலிலும் எனக்கு விடுதலை இல்லை. புதுப்பெண் தெருவில் திரியக் கூடாது. சாப்பிட்டு முடிந்ததும் உம்மா அறைக்குள் போய்ப் படு என்பார், கதவு சாத்திக்கொள்ளும். பின்னேரத்து அசர்த் தொழுகை வரைக்கும் நான் கம்பி யன்னலைப் பிடித்துக்கொண்டு, இரண்டு தென்னைகளுக்கு நடுவில் தெரிகிற அந்தத் துண்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு கை அகலக் கடல். அதற்குள் லோஞ்ச் வரும், போகும். நான் குற்றம் செய்யாத மறியல்காரி. அதே அறைக் கைதி என் புருஷன், அவருக்குப் பகலில் மட்டும் வெளியே விடுதலை.

குமிழ் தேடுகிற வேலையை வாப்பா எடுத்துக்கொண்டார். உடைந்த துண்டுகளை லேஞ்சியில் முடிந்து, மருமகனையும் கூட்டிக்கொண்டு, கடைத்தெருவில் இருந்த ஒவ்வொரு இரும்புக்கடையாக ஏறி இறங்கினார். மாமனும் மருமகனும் ஒன்றாய்ப் போனார்கள், ஒரு சொல் பேசாமல் திரும்பி வந்தார்கள். கடைக்காரர்கள் கொண்டியைக் காட்டினார்களாம், ஆமைப்பூட்டைக் காட்டினார்களாம், அலுமாரிக்குப் போடுகிற மரக் குமிழைக் காட்டினார்களாம். ஒரு கடைக்காரர் லேஞ்சியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, இது என்ன கோப்பை, மூடி எங்கே என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு வாப்பா அந்தக் கடைக்கு ஆணி வாங்கக்கூடப் போகவில்லை.

பிறகு வாப்பாவுக்கு ஒரு நினைப்பு வந்தது. அதே ஏலத்தில் விற்ற மற்றக் கதவுகளிலும் அதே குமிழ்தானே இருந்தது. வாங்கினவர்களை அவருக்குத் தெரியும். ஒன்று டவுனில் ஒரு தையல்காரரிடம். போய்ப் பார்த்தால் கதவு இரண்டு மரக்குதிரையின்மேல் படுத்திருந்தது. தையல்காரர் அதில் துணி வெட்டிக்கொண்டிருந்தார். குமிழ் துணிக்குத் தடக்கியது என்று கழற்றிப் பிள்ளைக்கு விளையாடக் கொடுத்தாராம். பிள்ளை அதைக் கிணற்றுக்குக் கொடுத்துவிட்டது.

அடுத்தது குறிஞ்சாக்கேணியில். அங்கே எங்களுக்குச் சொந்தம் இருந்ததால் என்னையும் கூட்டிப்போனார்கள். வெளிக்காற்றுப் பட்டதும் நான் அவிழ்த்துவிட்ட ஆடு மாதிரி நடந்தேன் என்று வாப்பா ஏசினார். அந்த வீட்டில் களப்பு நீரின் கரையோரம் கதவைக் கிடத்தி, அதன்மேல் கருவாடு காயப் போட்டிருந்தார்கள். துரையின் கதவில் ஒரு வாளைமீன் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தது. குமிழ் எங்கே என்று கேட்டால், வீட்டுக்காரி அரிசிப் பானையின் மூடியைக் கொண்டுவந்து காட்டினாள். மூடியின் நடுவில் எங்கள் குமிழின் கூடப்பிறந்தது, பளபளவென்று இருந்தது. வாப்பாவின் முகம் மலர்ந்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தார். கம்பியை அடியோடு அரிந்து, பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். கம்பி இல்லாத குமிழ் எங்களுக்கு எதற்கு. திரும்பி வரும் வழியெல்லாம் நான் பகிடி விட்டுப் பார்த்தேன், பானை மூடியைக் கதவில் ஒட்டுவோமா என்று. என் புருஷன் சிரிக்கவில்லை. கலியாணத்துக்குப் பிறகு அவர் சிரிக்காத முதல் பகிடி அது. எனக்குப் பயம் பிடித்தது.

மூன்றாவது கதவு மூதூரிலேயே இருந்தது. அதை அவரே தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். கிடைத்ததா என்று கேட்டேன். கதவை ஆட்டுக் கொட்டிலுக்குப் போட்டிருக்கிறார்கள், பூட்டும் குமிழும் அப்படியே இருக்கிறது, கொட்டில்காரன் எவ்வளவு கேட்டும் தரமாட்டேன் என்கிறான் என்றார்.

"ஒரு கிடாய் இருக்கு. அது உள்ளுக்கு நிண்டு கழுத்தால உரசும். குமிழ் திரும்பும். கதவு திறக்கும். வெளிய வந்திடும்" என்றார். "ஆடு திறக்குது புள்ள. நான் ஒங்கட உம்மாவக் கூப்பிடுறன்."

நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் அடுத்ததாக அவர் சொன்னது சிரிக்கிற கதை இல்லை. நோன்பு தொடங்குவதற்குள் இதற்கு ஒரு முடிவு வராவிட்டால் தான் மூதூருக்குப் போய்த் தாயோடு இருக்கப் போவதாகச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. நெல் விலை சொல்வது மாதிரிச் சொன்னார். புருஷன் தாய் வீட்டுக்குத் திரும்பிப் போன பெண் ஒருத்தி எங்கள் தெருவில் இருந்தாள். அவளுடைய வீட்டைத் தாண்டும்போது பெண்கள் கதையைக் குறைத்துக்கொள்வார்கள். எனக்கு அந்த அமைதி வேண்டாம். அவரையும் வேண்டும், தடிமனோடு என்றாலும் பரவாயில்லை.

உம்மாவிடம் சொன்னேன். அவர் வாப்பாவிடம் சொல் என்றார். வாப்பாவிடம் சொன்னேன். இன்னொரு கதவு கந்தளாய்ப் பக்கம் போனதாகக் கேள்வி, பொறுக்கச் சொல் என்றார். இவரிடம் சொன்னேன். ம் என்றார். மூன்று பேருக்கும் நடுவில் நான் ஒரு கதவு மாதிரி நின்றேன், எந்தப் பக்கத்தாலும் திறக்க ஏலாமல்.

பிறகு அந்த நாள் வந்தது. துறைமுகத்தில் கப்பல் நின்றதால் வாப்பா வேலைக்குப் போய்விட்டார். இவர் பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். பின்னேர லோஞ்ச்சில் மூதூருக்குப் போக வேண்டும், ஈச்சிலம்பற்றில் இருந்து நெல் வண்டில்கள் வந்து நிற்கும், இவர் போகாவிட்டால் வேறு ஆள் வாங்கிவிடுவான். கொஞ்ச நேரம் சாய்ந்து எழும்புவோம் என்று அறைக்குள் வந்தார். காற்று கதவைச் சாத்தியது. அந்த நேரம் பின்தெருவில் ஒரு மவுத்து என்று செய்தி வந்து, உம்மா தங்கச்சிமாரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவசரத்தில் எங்களை மறந்தார். திறப்பு அவருடைய முந்தானை முடிச்சில் இருந்தது.

முதலில் நான் கூப்பிட்டேன். பிறகு அவர் தட்டினார். பிறகு இரண்டு பேரும் தட்டினோம். தெரு முழுவதும் மையித்து வீட்டில் இருந்தது. காகம்கூட அங்கேதான் போயிருக்கும். அறைக்குள் வெக்கை ஏறியது. ஓடு சூடாகி, கட்டில் சூடாகி, குடத்தில் இருந்த தண்ணீரும் முடிந்தது. அவர் யன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. துரைமார் கள்வனுக்குப் பயந்து போட்ட கம்பி, கலியாணம் முடித்தவனுக்காக அசையுமா. பிறகு அவர் யன்னலோடேயே நின்றார். அந்தக் கை அகலக் கடலில் லோஞ்ச் வந்தது. இந்தத் தென்னையில் இருந்து அந்தத் தென்னைக்குப் போய் மறையும் வரைக்கும் அவர் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பார்த்தேன். ஒரு பகிடி வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். பிறகு அவர் அலுமாரியைத் திறந்து தன்னுடைய சாறன்களை எடுத்து மடித்து ஒரு பொட்டலமாகக் கட்டத் தொடங்கினார். நான் அவிழ்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதால் தண்ணீர் விடாய் கூடும் என்று அழவும் இல்லை.

அசருக்குப் பிறகுதான் உம்மா வந்தார். ஓடி வந்த மூச்சு கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டது. திறப்பு ஓட்டைக்குள் போனது.

"ஒங்கட உம்மாட்டச் சொல்லு" என்றார் இவர். "நாளைக்கு முதல் லோஞ்ச்சில நான் போறன். இனி வரமாட்டன்."

திறப்பு திரும்பவில்லை.

"அவரிட்டச் சொல்லு மகள்" என்றார் உம்மா வெளியில் இருந்து. "வரமாட்டார் எண்டா நான் திறக்க மாட்டன்."

"சொல்லு, திறக்காட்டி யன்னலக் கழட்டுவன்."

"சொல்லு, அதுவும் துரைட யன்னல்தான், கழலாது."

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பலகை. நான் வாயைத் திறக்கவே இல்லை, ஆனாலும் இரண்டு பேரும் என்னிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் கதவுக்குக் கிட்டப் போய், பலகையில் கையை வைத்தார்.

"மாமி" என்றார்.

நேராக அவர் உம்மாவைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வெளியே மூச்சுச் சத்தமும் நின்றுவிட்டது.

"மாமி, நான் இந்த வீட்டுக்கு மருமகனா வந்தனான். விடிஞ்சா ஒங்களக் கூப்பிட்டுத்தான் குளிக்கப் போறன். நான் என்ன மனிசன் மாமி?"

பிறகு உம்மா மெல்லமாக, "எனக்கும் வெக்கமாத்தான் இருக்கு மகள்" என்றார். அப்போதும் எனக்குத்தான் சொன்னார்.

மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கிய அளவுதான் என் படிப்பு. ஆனாலும் அந்த நேரம் எனக்கு ஒரு புத்தி வந்தது. இரண்டு பேரும் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கிறார்கள். வெட்கமே இல்லாமல் நித்திரை கொள்கிறவர் ஒருவர் இருக்கிறார்.

"உம்மா" என்றேன். "இண்டைக்கு நீங்களும் வாப்பாவும் தங்கச்சிமாரும் இதுக்குள்ள படுங்க. நாங்க கூடத்தில படுக்கிறம். திறப்பு இவரிட்ட இருக்கட்டும்." பிறகு இவரிடம் திரும்பி, ஒரு கிழமை மட்டும் பொறுங்கள், அதற்குப் பிறகும் போக வேண்டும் என்றால் பொட்டலத்தை நானே தூக்கிக்கொண்டு வந்து லோஞ்ச்சில் ஏற்றிவிடுகிறேன் என்றேன். அவர் பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ம் என்றார். திறப்பு திரும்பியது. அன்று உம்மா குசினிக்கு ஓடவில்லை, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். நீட்டிய கையில் திறப்பு இருந்தது.

வாப்பாவைச் சம்மதிக்க வைப்பது பெரிய பாடாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் உடனே தலையணையைத் தூக்கினார். துரையின் கதவுக்குப் பின்னால் படுக்க மனிதருக்கு உள்ளூர எவ்வளவு நாள் ஆசையோ. உள்ளே போய்த் தானே சாத்தி, பூட்டு விழுகிற சத்தத்தைக் கேட்டு, நல்ல கதவு என்று உள்ளே இருந்து சொன்னார்.

வயது போனவர்களுக்கு வெளியே போகிற அலுவல் அடிக்கடி வரும். அதைக் கதவு வாங்கும்போது வாப்பா யோசிக்கவில்லை. முதல் தட்டுக்கு இவர் எழும்பி, திறப்பைப் போட்டுத் திருகி, உம்மாவின் கண்ணில் படாமல் கூடத்துத் தூணுக்குப் பின்னால் போய் நின்றார். வாப்பா வந்தார், போனார், திரும்பி வந்தார், கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தட்டு. இவர் ஒரு தரம்கூட முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் வாங்க மாமா என்று மரியாதையாகத் திறந்துவிட்டார். அடுத்த நாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள் வாப்பா இரவுச் சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திப் பார்த்தார். பலன் இல்லை, தாகம்தான் வந்தது.

பிறகு ஒரு விடியற்காலை, சுபஹுக்குப் பாங்கு சொல்கிற நேரம் வாப்பா உள்ளே இருந்து தட்டினார். இவர் திறந்தார். என் தங்கச்சிமார் பாயில் எழும்பி உட்கார்ந்திருந்தார்கள், உம்மா முக்காட்டைத் தேடிக்கொண்டிருந்தார். இவர் தலையைக் குனிந்துகொண்டு, மிகவும் மரியாதையாக,

"மாமா, குளிக்கத் தண்ணி அள்ளி வைக்கட்டா?" என்று கேட்டார்.

தங்கச்சிமார் பாயில் விழுந்து முகத்தை மூடிக்கொண்டார்கள். உம்மாவின் முக்காட்டுக்குள் இருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் இருமினார் என்று பிறகு சத்தியம் பண்ணினார். வாப்பா கிணற்றடியைத் தாண்டி, படலையைத் திறந்து, தெருவில் இறங்கிப் போனார். சூரியன் உதிப்பதற்குள் மரவேலை செய்கிற ஓடாவியாரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். உளி வைத்த நேரம் வாப்பா தெருப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பது நாள் முடியவில்லையே என்று நான் உம்மாவிடம் கேட்டேன். வாயை மூடு என்றார்.

பூட்டு இருந்த இடத்தில் உள்ளங்கை அளவு ஓட்டை விழுந்தது. அதற்குள் பழந்துணி அடைத்தோம். கொண்டி ஒன்று போடச் சொன்னதற்கு வாப்பா மாட்டேன் என்றார், துரையின் கதவுக்கு இரும்புக்கடைச் சாமானா என்று. அறை திரும்பவும் எங்களுக்கு வந்தது, பொட்டலத்தை இவரே அவிழ்த்து, சாறன்களை அலுமாரிக்குள் வைத்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். நோன்புப் பிறை கண்ட அன்று அவர் பின்னேர லோஞ்ச்சில் மூதூரில் இருந்து வந்து இறங்கினார். அந்தத் துண்டுக் கடலில் லோஞ்ச்சைக் கண்டதுமே எனக்கு மனம் ஆறியது. இரவு கதவைச் சாத்தினோம். அது நிற்கவில்லை, இரவில் எதிர்ப்பக்கம் அடிக்கிற கரைக் காற்றுக்கு முனகிக்கொண்டு திறந்தது. திரும்பவும் சாத்தினோம், திரும்பவும் திறந்தது. கடைசியில் நான் எழும்பிப் போய்க் குசினியில் இருந்து அம்மிக் குழவியை உருட்டிக்கொண்டு வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். கூடத்தில் படுத்திருந்த எட்டுக் காதும் அன்றும் நல்ல நித்திரை.